குளிர்ந்த எஞ்சின்

காலை ஏழு மணி. சாட்ஸ்வொர்த், யூனிட் ஏழு.
தெருவிலிருந்து செங்குத்தாய் இறங்கும் பாதையில்
பின்சக்கரத்துக்கு ஒரு செங்கல் அடைகொடுத்து
நிற்கிறது நீல சுபாரு.
நான் வரும்வரை கிளப்பாதே என்று
நேற்றிரவு இருமுறை சொல்லியிருந்தேன்.
பானெட்மேல் உள்ளங்கையை வைத்தேன்.
சுட்டது.

"வெயில்" என்றான் தெஷன் படையாச்சி.
ஜூலை மாதம். புல்லில் இன்னும் பனி காயவில்லை.
கூரைமேல் ஒரு குரங்கு
அவனையும் பார்க்கவில்லை, என்னையும்.

குளிர்ந்த எஞ்சினுக்குப் பொய் வராது.
முதல் இருமலில் நீலப் புகை என்றால் டர்போ சீல்,
கடகடவென்றால் பேரிங்.
சூடேறிவிட்டாலோ
பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைபோல
இஸ்திரி கலையாமல் உட்கார்ந்திருக்கும்.
நோட்டில் எழுதினேன்:
சூடு. கழித்தல் ஐந்து.

இருநூற்று நாற்பது கேட்கிறான்.
ஆயிரம் என்பதை இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பூபாலன் அட்டையை விரித்து அடியில் நுழைந்தான்.
செருப்புகள் மட்டும் வெளியே பேசின:
"இது பீச்சில் நின்ற வண்டி."
டர்பன் காற்று, யார் வீட்டு இரும்பானாலும் தின்னும்.
கழித்தல் எட்டு.

காற்றுக்குழாயைக் கழற்றி விரலை உள்ளே விட்டேன்.
சின்ன விசிறி.
பக்கவாட்டில் துளி ஆடலாம்,
முன்னும் பின்னும் ஆடக் கூடாது.
ஆடவில்லை.
(என் மூச்சு திரும்பியதை
பூபாலன் கவனித்துவிட்டான்.
வாங்க வந்தவள் முகத்தை விற்பவனிடம் காட்டாதே
என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவன்.)

டாஷ்போர்டில் பித்தளைப் பிள்ளையார்.
நடுவில் இல்லை, ஓட்டுநர் பக்கம் ஒதுங்கி,
தூணோரம், ஒரு மாதிரி சாய்ந்து.
சாமியை யார் அங்கே வைப்பார்கள்?
மன்னிச்சுக்கோ என்று முணுமுணுத்துப் பெயர்த்தேன்.
அடியில் இரண்டு திருகுத் துளை,
கம்பி போன ஓர் ஓட்டை.
பூஸ்ட் மீட்டர் இருந்த இடம்.

"டியூனே பண்ணலைன்னியே?"

தெஷன் செங்கல்லைப் பார்த்தான்.
பிறகு, யாரோ கணக்குக் கேட்டதுபோலச் சொன்னான்:
ஆலை மூடின மார்ச்சில் மீட்டர்.
ஏப்ரலில் சைலன்சர்.
வீட்டுக் கடன் தவணைக்கு இன்டர்கூலர்.
மகளின் பள்ளிக்குச் சக்கரங்கள் நான்கும்.
ஒவ்வொன்றாய்க் கழற்றி விற்று
கம்பெனிச் சாமான்களைத் திரும்ப மாட்டி
ஒரு வருஷமாய் இந்தக் காரைத்தான்
சாப்பிட்டு வந்திருக்கிறார்கள்.

பிள்ளையார் என் கையில்,
முதுகில் பழைய டேப்போடு.
இதற்கு எவ்வளவு கழிப்பது?
பென்சில் நின்றது.

சுபாருவில் பிளக் கழற்றுவது
உரலுக்குள் கைவிட்டு ஊசி தேடுவது.
ஒரு மணி நேரம் வசைபாடினான் பூபாலன்.
நூற்று ஐம்பது. நாற்பத்தெட்டு. ஐம்பத்தொன்று.
நான்காவது சிலிண்டர்: நூற்று இருபத்திரண்டு.
"கிளம்பலாம்" என்று கையைத் துடைத்தான்.

ஓட்டிப் பார்க்காமலா?

ஹிகின்சன் நெடுஞ்சாலை, மூன்றாவது கியர்.
மூவாயிரம் சுற்று வரை ஒன்றுமில்லை,
மார்க்கெட்டுக்குப் போகும் வண்டி.
பிறகு ஒரு சீழ்க்கை,
அதன் பின்னால்
முதுகைப் பிடித்துத் தள்ளியது ஏதோ.
மேம்பாலம், மசூதி, வாழைத் தோட்டம் எல்லாம்
ஒரே பச்சைக் கோடு.
இதை நோட்டில் எழுதவில்லை.

நூற்று அறுபது என்றேன்.
இருநூறு என்றான்.
நூற்று எழுபத்தெட்டில்
அவன் மனைவி ஜன்னலை மூடினாள்.
அதுதான் சம்மதம் என்று தெரிந்துகொண்டோம்.
பிள்ளையாரை நீட்டினேன்.
வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

காவல்துறைச் சான்று, பதிவு மாற்றம் எல்லாம் முடிந்து
வியாழக்கிழமை என் வீட்டு வாசலில் வண்டி.
விடியுமுன் போய் பானெட்டைத் தொட்டேன்.
சில்லென்றிருந்தது.
சாவியைத் திருப்பினேன்.

கொஞ்சம் நீலம்.
பழக்கத்தில் நோட்டைத் திறந்து
கழித்தல் என்று எழுதினேன்.
யாரிடம்?