மூன்று நூல்

கைப்பையில் சில்லறையோடு சில்லறையாக
ஒரு செத்த பிளக்.
கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோக்காரருக்கு
அதைத்தான் முதலில் எடுத்து நீட்டினேன்.
கரி விரலில் ஒட்டிக்கொண்டது.

மோட்டார் எங்கள் கைக்கு வரும்போதே
மூன்று பேரிடம் கிழமாகியிருந்தது.
மூடியில் இருந்த பேரை உப்பு தின்றுவிட்டது,
வால்போல ஓர் எழுத்து மட்டும் பாக்கி.
புத்தகம் ஒன்று கூடவே வந்ததாம்.
யாரோ அதில் வஞ்சிரத்துக்குக் கணக்கு எழுதி
யாரோ அதைக் கிழித்து பீடி பற்றவைத்து
இப்போது
நூல் இல்லாத மோட்டார்.

பிளக்கின் பீங்கான் கழுத்தில்
எண் இருந்த இடத்தில் ஒரு பழுப்புத் தழும்பு.

மண்ணடியில் முதல் கடை:
என்ன வண்டிக்கு?
வண்டி இல்ல, போட்டு.
என்ன போட்டு?
பழசு.
பழசுன்னா?
பழசுன்னா பழசுதான்.

இரண்டாம் கடையிலும்
என்ன வண்டிக்கு?

மூன்றாம் கடைக்காரர் கேட்கவே இல்லை.
பளபளவென்று ஒன்றை எடுத்து
கண்ணாடி மேல் நிறுத்தினார்.
மரை நீளம். ரொம்ப நீளம்.

தேசிங்கு சொல்லித்தான் அனுப்பியிருந்தான்:
'மரை மூணு நூல்தான் இருக்கணும்.
ஆறு நூல் போட்டா
மேல வர்ற பிஸ்டன் வந்து முட்டும்.
ஒரே முத்தம், ரெண்டும் காலி.'
முத்தம் என்றபோது அவன் சிரிக்கவில்லை.
எண்ணூர் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்
கயிற்றை இழுத்து இழுத்து
இரண்டு மணி நேரம் அலையில் ஆடிய முகம் அது.
உள்ளங்கை இன்னும் உரிந்துகொண்டிருந்தது.

லிங்கிச் செட்டித் தெருவுக்குப் பின்னால்
ஓர் ஆள் அகலச் சந்து.
கல்லாவில் மெஹருன்னிசா.
அவரும் கேட்கவில்லை, ஆனால்
கையை நீட்டினார்.
ஆணியில் தொங்கிய நட்டு ஒன்றில் என் பிளக்கைத் திருகினார்.
உட்கார்ந்தது.
ஸ்கேலை வைத்தார், கண்ணைச் சுருக்கினார்.
'மூணு நூல்.'
எனக்குத் தொண்டை அடைத்தது, ஏனென்று தெரியவில்லை.

ஏணியில் ஏறியவர்
தூசியோடு ஓர் அட்டைப்பெட்டி இறக்கினார்.
பெட்டிமேல் பச்சையாக ஒரு புல்வெளி,
தொப்பி போட்ட ஒருவன்.

'இது புல்லு வெட்ற மிஷினுக்கு.'

'எங்க காசிமேட்டாண்ட புல்லே கெடையாதே.'

'அது பிளக்குக்குத் தெரியுமா?'

இரண்டு சிலிண்டர், இரண்டு பிளக்.
பில்லில் வண்டி என்ற கட்டத்தில்
கொஞ்சம் யோசித்து ஒரு கோடு போட்டார்.

உடைந்த ரம்பத் தகட்டை இடைவெளியில் விட்டு
தட்டித் தட்டிச் சரிசெய்தான் தேசிங்கு.
மூன்றாம் இழுப்பில் இருமிற்று,
நான்காவதில் ஊரையே திட்டியபடி ஓடியது.

மறுநாள் கழற்றிப் பார்த்தால்
முனை முட்டையோடுபோல வெளுத்திருந்தது.
'சூடு தாங்கல. இன்னும் ரெண்டு நாள்ல ஓட்டை போட்டுடும்.'
மறுபடி ஷேர் ஆட்டோ. மறுபடி சந்து.
மெஹருன்னிசா வெள்ளை முனையைப் பார்த்தார்,
வேறு பெட்டிக்குக் கைவிட்டார்.
'அதே மூணு நூல். சூடு ஒரு படி கம்மி.
அந்த ரெண்டையும் வெச்சிக்கோங்க,
புல்லு மொளச்சா ஆவும்.'

வெள்ளிக்கிழமை. ஏலம்.
சங்கரா ஒரு கூடை,
ஆயிரத்து எழுநூறில் நின்றுகொண்டிருந்தது
என் விரலும் உயர்ந்திருந்தது.
கூட்டத்தைப் பிளந்து வந்தான் தேசிங்கு,
கந்தல் துணியில் எதையோ ஏந்தி.
இன்னும் முகம்கூடக் கழுவவில்லை.

'பாரு.'

பார்த்தேன்.
டீயில் நனைத்தெடுத்த பொறையின் நிறம்.
கரி இல்லை, வெளுப்பு இல்லை.
துணி வழியாகச் சூடு விரலுக்கு வந்தது.

கூடை ஆயிரத்து எண்ணூறுக்கு
யாருக்கோ போயிற்று.

பக்கத்தில் நின்ற டெல்பின் எட்டிப் பார்த்தாள்.
'இன்னாக்கா அது?'

புல்லு வெட்றது, என்றேன்.