இரண்டு கிலோ கூட

பிரிஸ்பேனிலிருந்து மேற்கே ஏழு மணி நேரம்.
ரோமாவையும் தாண்டினால் கூரபா.
வானொலிக்காரன் மழை என்று வாயெடுக்கும்போதெல்லாம்
அலைவரிசை இரைந்து அறுந்துபோகும் தூரம்.
பின்பெட்டியில் என் சாமான்:
இருபது கிலோ இரும்புக் கட்டிகள் இருபத்தைந்து,
முத்திரை குத்தும் குறடு,
நேற்றைய இடியப்பம், மூடி உடைந்த சம்பல் டப்பா.

தராசு பார்ப்பவன் நான்.
தராசில் இருப்பதைப் பார்ப்பதில்லை.
சீமெந்து, தங்கம், இறால், கைக்குழந்தை,
எது ஏறினாலும் எனக்கு அது இலக்கம்.

செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை.
இரும்புப் பட்டிகளுக்கு மேலே நடைபாலம்.
கீழே முதுகுகள், முதுகுகள்,
தன்னையே முட்டிக்கொண்டு நகரும் பழுப்பு ஆறு.
திமில் வைத்தவையும் இருந்தன.
என்ன இனம் என்று கேட்டேன்.
"பிராமன்" என்றார் ஏலக்காரர்.
சிரித்துவிட்டேன். ஏன் என்றார்.
விளக்கியிருந்தால்
அடுத்த செவ்வாய்க்கிழமையும் போதாது.

எடைக்கூண்டில் ருவிம்போ மடோண்டோ,
நீலச் சட்டை, காதிடுக்கில் பென்சில்.
எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.
நாளுக்கு நாலு தரம் அவிழ்த்துக் காட்டும் மூட்டை,
ஒருநாளாவது கட்டியே கிடக்கட்டும்.
அவளாகத்தான் சன்னலுக்கு வெளியே காட்டினாள்:
"அந்தப் போத்தல் மரங்களை முதன்முதல் கண்டபோது
எங்கள் பாவோபாப்தான் நோயில் இளைத்து
இங்கே வந்து ஒளிந்திருக்கிறது என்று நினைத்தேன்."
மன்னாரில் ஒன்று நிற்கிறது என்றேன்.
பெருக்கமரம் என்போம்.
உங்கள் பக்கத்திலிருந்து கப்பலில் வந்ததாம்.
"அதற்கு யார் விசா கொடுத்தது?" என்றாள்.

ருசாப்பேயில் அவள் தகப்பன் புகையிலைக்காரன்.
வீட்டில் நிறுத்த சிப்பம் ஏலத் தளத்துக்குப் போனால்
எப்போதும் இரண்டு கிலோ குறையும்.
"யாரும் திருடவில்லை. ஈரம் காய்ந்துவிட்டது என்பார்கள்.
அவ்வளவு ஈரமான ஊர்."

கட்டிகளை அடுக்கினேன். ஐந்நூறு.
திரை சொன்னது ஐந்நூற்றிரண்டு.
இறக்கி, துடைத்து, மறுபடி ஏற்றினேன்.
ஐந்நூற்றிரண்டு.

அவள் திரையைப் பார்க்கவில்லை.
மூன்றாம் பட்டியைப் பார்த்தாள்.
டெஸ் மல்ஹெர்னின் பசுக்கள், இருபத்தாறு,
அவரிடம் மிஞ்சியவை அவ்வளவுதான்.
விலா எலும்பை எண்ணலாம். எண்ணினேன்,
எண்ணுவதுதானே என் தொழில்.
எதிர்ப் பக்கம் தொழிற்சாலை ஆட்கள்
தொப்பிக்குள் தொலைபேசி பேசினார்கள்.

சட்டம் சின்னது: நிறுத்து, திருத்து, முத்திரையிடு.
"சாப்பிட்டுவிட்டு வருகிறேன்" என்றேன்.
"பத்தே முக்காலுக்கா?"
"எங்கள் ஊரில் இதுதான் நேரம்."
பச்சைப் பொய்.

போத்தல் மரத்தடியில் இடியப்பம் தின்றேன்,
இழை இழையாக, ஒவ்வொன்றாக உரித்து.
பசிக்காமல் சாப்பிடுவது எவ்வளவு பெரிய வேலை!
ஒலிபெருக்கியில் சதங்கள் ஏறின, இறங்கின.
ஒரு தரம், இரண்டு தரம் எல்லாம் இங்கே இல்லை,
மூச்சு முட்டும் ஒரே ஓட்டம், பிறகு ஓர் அறை.
ஒரு எறும்பு சம்பலை இழுத்துப் பார்த்து
விட்டுவிட்டுப் போனது.

திரும்பி வந்தபோது மூன்றாம் பட்டி காலி.
வெறும் லாரியில் வெளியே போன மல்ஹெர்ன்
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார்.
இந்தப் பக்கத்து வணக்கம் அது.
அவருக்கு ஒன்றும் தெரியாது.

இருபத்தாறு மாட்டுக்கு
நாற்பத்தெட்டு கிலோ சொச்சம் கூட வந்திருக்கும்.
ஒரு லாரி டயர் வாங்கக் காணாது.
முகாமில் என்னை முதன்முதல் நிறுத்த மருத்துவர்
எழுதிய எடையும் நாற்பத்தெட்டுதான்.
இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினேன்.
ஐந்நூறு. ஈயத்தில் குறடு கடித்தது.
படிவத்தில் கடைசிக் கட்டம்:
பிழை கண்ட நேரம்.
பேனா அதன்மேல் நின்றது,
மை ஒரு புள்ளியாய்த் தடித்தது.

ருவிம்போ தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினாள்.
பிறகு காதிலிருந்து
பென்சிலை எடுத்து நீட்டினாள்.