இரண்டு இரும்பு, இரண்டு கந்தகம்

எண்ணூர்க் கழியில் தண்ணீர் வடிந்த நேரம்.
சாம்பல் படிந்த சேற்றில்
முழங்கால் வரை இறங்கி உமரி பறிக்கிறேன்.
துடுப்பை ஊன்றிப் படகைப் பிடித்திருக்கும் எத்திராஜ்
ஒரு நுனியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்கிறார்.
இந்தத் தண்ணியில வளர்ந்தது, துப்புங்க என்கிறேன்.
"இத்துக்கு உப்பே போட தேவல மே,
அதுவே போட்டுக்கினு வந்துக்குது."

பாதி சரி.
உப்பைச் செடி உள்ளறையில் பூட்டிவிடும்,
செல்லின் பெரிய நீர்ப்பையில்.
பூட்டிய அறை தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டால்
வெளிக்கூடம் வற்றிப்போகும்.
அதற்காகக் கூடத்தில் கொட்டி வைக்கும் சரக்கு
பீட்டெய்ன்.
அதைச் சமைக்க முதல் அடுப்பைப் பற்றவைப்பது
கோலின் மோனோஆக்சிஜனேஸ்.
(மாத்திரைப் பேரா என்று கேட்டாள் ஷகிலா பானு.
நாலு வருஷமாக விழுங்குகிறேன் என்றேன்.)

அந்த நொதிக்குள் ஒரு பகுதி.
பாடப்புத்தகம் அதைக் களம் என்கிறது.
போர் இல்லை, நெல்லும் இல்லை.
இரண்டு இரும்பு,
நடுவே பாலமாய் இரண்டு கந்தகம்.
ஓர் இரும்பை இரண்டு சிஸ்டீன் பிடித்திருக்கும்,
மற்றதை இரண்டு ஹிஸ்டிடின்.
நாலு விரல் பிடி. அவ்வளவுதான் களம்.

இரும்பும் கந்தகமும் எனக்குப் புதிதல்ல.
மணலியிலிருந்து காற்று திரும்பும் இரவுகளில்
எங்கள் மூன்றாம் மாடிவரை
அழுகின முட்டை வாசம் படியேறி வரும்.
வார்ப்படத்திலிருந்து வரும் அப்பாவின் சட்டையை
அலசினால் வாளி சிவக்கும்.
அதே இரண்டு சரக்கு
இலைக்குள் இத்தனை சுத்தமாய், அளவாய்,
வாசமே இல்லாமல்.

வேலை என்னவென்றால் கைமாற்றுவது.
வெயில் பட்ட பச்சையத்திலிருந்து
எலக்ட்ரான் ஒவ்வொன்றாய் வரும். வாங்கும்.
ஆக்சிஜனைப் பிளக்கும் தனி இரும்பிடம் கொடுக்கும்.
தன் வீட்டு இரும்பிடம் அல்ல, அது தூரம்.
இந்தக் குடும்பத்து நொதிகளின் படங்களில்
நாற்பது ஆங்ஸ்ட்ராமுக்கு மேல்.
பக்கத்து வீட்டு இரும்போ பன்னிரண்டில்,
சுவருக்கு அந்தப் பக்கம்.
மூன்று வீடு வட்டமாய் ஒட்டி நின்று
ஒவ்வொன்றும் அடுத்ததற்கு நீட்டும்.
முதல்முறை அந்தப் படத்தைத் திரையில் சுழற்றியபோது
எனக்குத் தெரிந்தது எங்கள் மாடிப்படி.
லாரித் தண்ணீரை நான் ஷகிலாவுக்கு,
ஷகிலா பிலோமினாக்காவுக்கு,
அக்கா என் குடத்துக்கு.

போன மாதம் ஒரு சிஸ்டீனை எடுத்துவிட்டு
செரீன் வைத்தேன்.
கந்தகம் இருந்த இடத்தில் ஆக்சிஜன்,
ஒரே ஓர் அணு மாற்றம்.
கண்ணாடிக் குழாயில் வழக்கமாய்
தேன்கட்டு போலப் பழுப்பாய் இறங்கும் புரதம்
நிறமில்லாமல் இறங்கியது.
எடை சரி. நீளம் சரி.
கோலின் கொடுத்தேன், தொடவில்லை.
இரும்பையே பிடிக்காத கை.

அச்சு இயந்திரத்தில் ஒரு விரல் போன பிறகும்
அப்பா ஏழு வருடம் வேலைக்குப் போனார்.
இதை அதோடு சேர்த்து ஏதாவது சொல்லலாம்தான்.
சொல்ல வேண்டாம்.
அவருக்கு வேறு வழியில்லை,
புரதத்துக்கு அது தெரியாது.

நாலரை மணி. லாரி வரவில்லை.
குடங்கள் இருட்டில் வரிசையாய்.
கழியில் உமரிக்கும் இப்போது இருட்டு,
எலக்ட்ரான் வராது,
பழுப்புக் களங்கள் வெறுங்கையாய் நிற்கும்.
கடல் பக்கம் வெளுத்தால்
அங்கே வரிசை நகர்ந்துவிடும்.
லாரியைப் பற்றி
அப்படி உறுதியாய்ச் சொல்வதற்கில்லை.