சட்டம்

தேக்குச் சட்டத்துக்குள் இருந்தார் அவர்.
வித்யாவிஹார், மூன்றாம் நடைமேடை,
மடியில் திறந்த டிபன் பாக்ஸ்,
தலைக்கு மேலே சிவப்பு எண்களில் 11:20.
கீழே நான் ஒட்டிய பெயர்: இடைவேளை.
ஐந்து பிரதி. ஒன்று நாற்பத்திரண்டாயிரம்,
சட்டத்துக்குத் தனி.

இன்னொரு சட்டத்தை முன்பே விசாரித்திருந்தேன்.
பொது இடம், கலை, பயப்படாதே என்றார் வக்கீல் ரூபா பத்கி.
சோப்பு விளம்பரத்துக்குக் கொடுத்தால் மட்டும்
கையெழுத்து வாங்கிக்கொள்.
ரயில்வே வேண்டுமானால் கேட்கும்,
அனுமதிக் கடிதம் எங்கே என்று.
படத்தில் இருப்பவர்?
அவரெல்லாம் காலா கோடாவுக்கு எதற்கு வரப்போகிறார்.

வந்தார்.
வியாழக்கிழமை, மழை விட்டிருந்தது.
குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
சொட்டச் சொட்டக் கையிலேயே பிடித்துக்கொண்டு
சுவர் சுவராகத் தன்னைத் தேடினார்.

என் பெயரைப் படித்துவிட்டுத் தமிழில் பேசினார்.
ஞானசிகாமணி.
சாக்கிநாக்காவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்.
இருந்தவர் என்பதை இரண்டு முறை சொன்னார்.
மார்ச்சில் கம்பெனியை மூடியது வீட்டுக்குத் தெரியாது.
இன்னமும் எட்டு ஐந்துக்குக் கிளம்புகிறார்.
மனைவி கட்டிக்கொடுக்கும் எலுமிச்சைச் சோறு
பசிக்கும் முன்பே தீர்ந்துவிடுகிறது.
மச்சினன் போனுக்கு யாரோ அனுப்பிவிட்டார்கள் படத்தை.
அவள் இன்னும் பார்க்கவில்லை.

எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றேன்.
கேட்டிருக்கக் கூடாது.

"முகம் இருக்கட்டும். நல்லாத்தான் விழுந்திருக்கு.
அந்த முதல் ஒண்ண மட்டும் எடுத்துட்டா
ஒண்ணு இருபதுன்னு ஆயிரும்.
பேங்க் வேலையா வந்தேன், அங்கயே சாப்பிட்டேன்னு
சொல்லிக்குவேன்."

ஒரு புள்ளியைக்கூட நகர்த்தியதில்லை நான்.
கண்காட்சிக் கையேட்டில் முதல் வரியே அதுதான்.
இரண்டு பிரதிகளுக்குச் சான்றிதழில் கையெழுத்தும் போட்டாயிற்று,
ஒன்று வொர்லியில் ஒரு சாப்பாட்டு மேசைக்கு மேலே,
மற்றது எங்கே என்று எனக்கே தெரியாது.
இதையெல்லாம் சொன்னேன்.
தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்,
பேங்கில் கவுன்ட்டர் மாறச் சொன்னதுபோல.

அவருக்கு ஓர் உரிமையும் கிடையாது
என்று மறுபடி சொன்னார் ரூபா, போனில்.
தெரியும் என்றேன்.
மீதி மூன்றை விற்கப்போவதில்லை.
அதனால் மச்சினன் போனில் ஒன்றும் மாறாது.

ராத்திரி கணினியில் அந்த ஒன்றைத் துடைத்துப் பார்த்தேன்.
நாலு நொடி.
நிழல் மட்டும் காட்டிக்கொடுத்தது,
நடுப்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் என்று.
சேமிக்காமல் மூடினேன்.

அவர் பெயர் ஞானசிகாமணி இல்லை.
நிலையமும் வித்யாவிஹார் இல்லை.
சோற்றைக்கூட மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.