ஆறாம் நிரல்

பதினெட்டு மாதத்தில் பட்டம்.
வேலைக்குப் போகிறவர்களுக்கான விரைவு வண்டி,
இடையில் தரிப்பில்லை என்றார் இணைப்பாளர்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
திருகோணமலை பஸ் நிலையத்தில்
பத்தொன்பது வருஷமாக நேரம் எழுதுகிறவள் நான்.
எந்த விரைவு வண்டி எங்கெங்கே நிற்கும் என்று
எனக்குத் தெரியும்.

வகுப்பு சனி, ஞாயிறு.
உட்துறைமுக வீதியில் பெயின்ற் கடைக்கு மேல்மாடி.
தலைமைத்துவம் தின்னர் மணக்கும்.
முன்னனுபவத்துக்கும் புள்ளி உண்டாம்,
படிவம் நிரப்பிக் கொடுத்தேன்.
பத்தொன்பது வருஷத்துக்குப் பன்னிரண்டு வந்தது.
வெள்ளம் பாதையை மூடிய கிழமை
ஓடாத பஸ்களுக்கும் நான் நேரம் எழுதியதை
எந்தக் கட்டத்தில் போடுவதென்று தெரியாமல்
விட்டுவிட்டேன்.

பக்கத்தில் ஜெஸீமா,
கிண்ணியா மீனவர் சங்கத்தின் பொருளாளர்.
நாலு பக்கக் கூட்டலை வாய்க்குள்ளேயே முடிப்பாள்,
'தொலைநோக்கு' என்ற சொல் வந்தால்
பேனையை மூடிவிடுவாள்.
பின் வாங்கில் பாலையூற்று பெனடிக்ற்,
சீனக்குடா மா ஆலையில் இரவு வேலை.
புருவத்தில் மாவோடு வந்து குந்தியதும் தூங்குவார்.
அவரை எழுப்புவதில்லை என்று
ஏகமனதாகத் தீர்மானித்தோம்.
எங்கள் முதற் குழுச் செயற்பாடு அதுதான்.

மூன்றாம் தவணையில் ஒப்படை:
நீங்கள் தலைமை தாங்கிய ஒரு சந்தர்ப்பம்.
ஆயிரத்து ஐந்நூறு சொற்கள்.

மூன்று இரவு வெறும் தாள்.
விசில் ஊதுவது தலைமையா?
யாரோ போட்ட அட்டவணையை
யாருக்கோ வாசிப்பது?

என் பதிவேட்டில் ஆறு நிரல்.
வண்டி இலக்கம், சாரதி, இடம், வந்தது, போனது.
ஆறாவது: அனுமதித்தவர்.
அதில் அத்தியட்சகரின் பெயரைத்தான் எழுதுவேன்,
அவர் வீட்டில் நித்திரையென்றாலும்.

கார்த்திகை மழை. வெள்ளிக்கிழமை.
புல்மோட்டைக் கடைசி பஸ் ஏழு பத்துக்கு.
கப்பல்துறைத் தையல் ஆலையிலிருந்து
இருபத்திரண்டு பெண்கள் வரவேண்டும்.
நாலாம் கட்டையில் வானுக்குக் காற்றுப் போய்
நடந்து வருகிறார்களாம்.
அத்தியட்சகர் போன் எடுக்கவில்லை.
"அக்கா, விசில்?" என்றான் சாரதி குலவீரன்.
விசிலைக் கைப்பைக்குள் போட்டு
சிப்பை இழுத்தேன்.
"நிக்கட்டும்."

உள்ளே இருந்தவர்கள் ஏசினார்கள்.
ஒருவர் காசைத் திருப்பிக் கேட்டார்.
ஒரு குழந்தை சத்தி எடுத்தது.
மழைக்கு ஒதுங்கிய மான் ஒன்று
கூண்டு வாசலில் நின்று
பழைய ரிக்கற் கட்டை மென்றபடி
என்னையே பார்த்தது.

முப்பத்தொரு நிமிஷம்.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.
ஒருத்தியும் நன்றி சொல்லவில்லை,
சீற் பிடிக்க ஓடினார்கள்.

போனது: 7.41.
ஆறாம் நிரலில் பேனை நின்றது.
பிறகு எழுதினேன்,
சி. யோகவதனி.

ஒப்படையிலும் இதையே எழுதினேன்.
அறுநூறு சொல்தான் வந்தது.
சி பிளஸ்.
சிவப்பு மையில், 'மேற்கோள் இல்லை.
எந்தக் கோட்பாட்டின் அடிப்படையில்?'
டிப்போவிலிருந்தும் ஒரு கடிதம்:
எந்தச் சுற்றறிக்கையின் அடிப்படையில்?
ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.

ஜெஸீமா இரண்டையும் வாசித்தாள்.
"ரெண்டு பேரும் ஒரே கேள்வியத்தானே கேட்டிரிக்காங்க,
ஒரு பதில எழுதிப் போட்டோ கொப்பி அடி" என்றாள்.
பெனடிக்ற் கண் விழித்து
என்ன பகிடி என்று கேட்டார்.

பட்டத்துக்கு இன்னும் ஐந்து மாதம்.
விளக்கத்துக்கு இன்னும் இரண்டு நாள்.

இன்றைக்குப் புல்மோட்டைக் கடைசி பஸ்
சரியாக ஏழு பத்துக்குப் போயிற்று.
ஆறாம் நிரலில் அவர் பெயரைத்தான் எழுதினேன்.
கை கொஞ்சம் சுணங்கியது.