மூன்றரை

நான்கு இருக்கும் என்றார் டாக்டர் எக்லி,
தைராய்டின் முதுகுப் பக்கம்,
ஒவ்வொன்றும் ஓர் அரிசி அளவு.
போன் ஸ்பீக்கரில் இருந்த மொழிபெயர்ப்புப் பிள்ளை
பாராதைராய்டுக்குத் தமிழ் தேடி, இருமி,
"தைராய்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எண்டு வையுங்கோ அக்கா."

எந்த அரிசி?
கேட்கவில்லை.
பீல் நகரத்தில் பத்தொன்பது வருஷம்
கைக்கடிகாரத் திருகாணிகளை இடுக்கியால் பொறுக்கினவள்.
பாசுமதிக்கும் மொட்டைக்கறுப்பனுக்கும்
எத்தனை மில்லிமீட்டர் வித்தியாசம் என்று
எனக்குத் தெரியும்.

திரையில் என்னுடையவை:
துவரம்பருப்பு ஒன்று, கச்சான் இரண்டு,
கடைசியது ஊறவைத்த கொண்டைக்கடலை.

சிறுநீரகம் கைவிட்டு ஏழு வருஷம்.
திங்கள் புதன் வெள்ளி
இரத்தத்தை வெளியே அனுப்பிக் கழுவி வாங்குகிறேன்.
அது போகட்டும், பழகிவிட்டது.
இந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான்
இரவிரவாகச் சுவர் சுரண்டினார்கள்,
என் எலும்பின் சுண்ணாம்பை.
சீஸ் தொடாதே என்றார்கள். தொடவில்லை.
நெத்தலித் தலை உறிஞ்சாதே என்றார்கள்.
ஒரு தடவை உறிஞ்சினேன்.
முதுகு சொறிய
தலையணைக்கடியில் ஒரு மரக்கரண்டி.

மூன்றரையை வீசிவிடுவோம்.
மிச்ச அரை கழுத்திலிருந்து கைக்கு
"இடம்பெயரும்" என்றாள் பிள்ளை.
அந்தச் சொல்லில் அவளும் நானும்
கொஞ்சம் நின்றோம்.
டாக்டர் போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தார்.

வலக்கைக்குத்தான். இடக்கையை
ஃபிஸ்டுலாவுக்கு எப்போதோ எழுதிக் கொடுத்தாயிற்று,
காதை வைத்தால்
பழைய பிரிட்ஜ் மாதிரி இரையும்.

குரல் நரம்பு பக்கத்தில் ஓடுகிறது,
விழித்ததும் ஏதாவது பேசுங்கள் என்றிருந்தார்.
விழித்ததும் வந்தது
ஒரு திருகாணியின் இலக்கம்,
ஏழு, ஐந்து, ஒன்று, சைபர்,
பிரெஞ்சில்.
கரகரத்தது. என்னுடைய குரல்தான்.

இரண்டாம் இரவு மூன்று மணி.
உதட்டைச் சுற்றி எறும்பு.
விரல்கள் தாமாகக் குவிந்து
இல்லாத இடுக்கியைப் பிடித்துக்கொண்டன.
விரிக்கப் பார்த்தேன், விரியவில்லை.
அந்த நேரத்தில் மொழிபெயர்க்க யார்?
இரவுத் தாதி தன் முழங்கால் எலும்பைத் தட்டினாள்,
வாயைக் காட்டினாள்,
மென்று காட்டினாள்.

ஓ. பசி.
ஏழு வருஷம் களவு கொடுத்தவை
கதவு பூட்டினதும் பந்தியில் குந்திவிட்டன,
இரத்தத்துக்கு ஒரு பிடி மிச்சமில்லாமல்.

சேலைனில் கால்சியம் இறங்கியது.
பிறகு மாத்திரை, பிறகும் மாத்திரை,
நாளுக்குப் பன்னிரண்டு,
வெற்றிலை இல்லாமல் சுண்ணாம்பு மெல்லுகிற வாய்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள்
முதுகு சும்மா இருந்தது.
நான்தான் அதை நம்பாமல்
விடியும்வரை முழித்திருந்தேன்.

தலையணை உறை மாற்ற வந்த தயாளசீலன்
கரண்டியைக் கழுவிவிட்டு நின்று கேட்டார்,
"இதைச் சொதிக்குப் போடலாமோ?"
புதுசு ஒன்று வாங்குங்கோ என்றேன்.