அரை இஞ்ச்

காற்றாடியை நிறுத்திவிட்டேன்.
சுற்றினால் யோகித் அதையே பார்ப்பான்,
கட்டைகளைப் பார்க்க மாட்டான்.
திருப்பூர், மே மாதம், இரண்டாம் மாடி.
இருவருக்கும் வியர்க்கிறது.

சிவப்பும் வெள்ளையுமாய் ஒன்பது கட்டைகள்.
படத்தில் இருக்கிற மாதிரி அடுக்கு சாமி.
ஒன்றை முகர்ந்தான். ஒன்றைக் காதில் வைத்துக் கேட்டான்.
பிறகு அடுக்கினான், ஒரு மூலையும் பிசகாமல்,
அறுபத்து நான்காவது நொடியில்.
கையேடு அறுபதோடு முடிகிறது.
பூஜ்யம் எழுதினேன்.
பக்கத்தில் பென்சிலால் சின்னதாய் ஒரு டிக்,
அதைக் கூட்டக் கட்டம் கிடையாது.

மழை வந்தால் என்ன செய்வாய்?
"துணி."
எந்தத் துணி, எங்கே காய்கிற துணி
என்று நான் கேட்கக் கூடாது.
கேட்டால் எடுத்துக்கொடுத்ததாக ஆகிவிடும்.

எழுபதுக்குக் கீழே என்றால் ஆய்வில் சேர்ப்பதில்லை.
கவனச் சிதறலை மட்டும் தனியே பார்க்க வேண்டும்;
அறிவுத்திறனும் குறைந்தால்
எது எதனால் என்று பிரிக்க முடியாது.
அந்த வரியைத் தட்டச்சு செய்ததே நான்தான்.
அவனுக்கு வந்தது அறுபத்தெட்டு.

கோகிலவாணிக்கு அருள்புரத்தில் செக்கிங் வேலை.
அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவள்.
"பாஸுங்ளா, ரிஜெக்ட்டுங்ளா?"
அப்படியில்லை என்று ஆரம்பித்தேன்.
இது ஐந்து கூடவும் இருக்கலாம், ஐந்து குறையவும் இருக்கலாம்,
நாளைக்கே வைத்தால் வேறு வரலாம்.
பையில் கிடந்த டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.
"எங்களுக்கும் உண்டுங்க.
அரை இஞ்ச் முன்னப்பின்ன இருந்தா பாஸ் போட்டுருவோம்.
உங்க டேப்புல அது இல்லீங்ளா?"

இருந்தது.
அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், சின்ன எழுத்தில்.
கணினியின் கட்டம் ஒரே ஓர் எண்ணைத்தான் வாங்கும்.

சான்றிதழுக்கு இந்த எண் போதும் என்றேன்,
பஸ் பாஸுக்கும்.
"அப்ப அதையே குடுங்க" என்றாள்,
பேரம் முடிந்த குரலில்.

நாற்பத்தொன்றாம் வரிசை: விலக்கப்பட்டது.
கட்டுரை வரும்போது எங்கள் குழந்தைகளின் சராசரி
ஓரம் அடித்த துணி போல இருக்கும்.
வெட்டி எறிந்த பிசிறுகளுக்கு
அடிக்குறிப்பில் ஓர் எண்ணிக்கை.

அவர்கள் எழுந்ததும் காற்றாடியைப் போட்டேன்.
வாசல் வரை போனவன் திரும்பி வந்து
அதன் கீழே நின்றான்.
பல்லடம் பஸ் போயிடும் என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள்.
நிறுத்த மறந்த ஸ்டாப்வாட்ச் மேஜையில் ஓடிக்கொண்டிருந்தது.
ஏழு நிமிடம், பதினொரு நொடி.
ஒரு தடவைகூட அவன் கண் விலகவில்லை.